சின்னத்தைப் பார்த்தால் கை போகவில்லை

கேள்வி: எனக்கு 54 வயது. எனக்குப் பெயர் வைத்ததே எங்கள் கட்சித் தலைவர்தான். பொதுக்கூட்ட மேடையில் அப்பா என்னைத் தூக்கிக் கொடுத்தாராம். கல்யாணம் மாவட்டச் செயலாளர் தலைமையில் நடந்தது. கணவர் 17 வருடமாகக் கிளைச் செயலாளர். இதுவரை வேறு சின்னத்துக்கு நான் ஓட்டுப் போட்டதில்லை. இப்போது கட்சி போகிற போக்கே பிடிக்கவில்லை. முன்பு மதுக்கடைக்கும் சாதிச் சண்டைக்கும் எதிராக மேடை போட்டவர்கள், இன்று வாயே திறப்பதில்லை. எதிர்க்கட்சியில் இருந்தபோது என் அண்ணனின் சைக்கிள் கடையை ஆள் வைத்து அடித்து நொறுக்கியவர் நான்கு வருடத்துக்கு முன் எங்கள் கட்சிக்கு வந்தார். இந்த முறை அவருக்குத்தான் சீட் என்கிறார்கள். அவர் வாசலுக்கு வந்தால் நான் ஆரத்தி எடுக்க வேண்டுமாம்! பேசாமல் நோட்டாவில் குத்திவிடலாமா? அது என் கணவருக்குச் செய்யும் துரோகமா?
— பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தில் கட்சியின் பெயரை எழுதியிருந்தீர்கள். எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு படித்தால், எந்தக் கட்சிக் குடும்பத்திலிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம் போல இருக்கிறது.

துரோகம் என்ற வார்த்தையை முதலில் கீழே வையுங்கள். கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று 1985-இல் ஒன்று கொண்டுவந்தார்கள். அது எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும்தான். உங்களுக்கு இல்லை. அண்ணன் கடையை உடைத்தவரையே அது தடுக்கவில்லை, தேர்தலுக்கு முன்பே துண்டை மாற்றிக்கொண்டால் அவரை அது ஒன்றும் செய்யாது. அவருக்கே இல்லாத கட்டுப்பாடு உங்களுக்கு எதற்கு?

அப்புறம் நோட்டா. 2013-க்கு முன்பு, யாருக்கும் ஓட்டில்லை என்று சொல்ல வேண்டுமானால் தேர்தல் விதி 49-ஓ என்று வாக்குச்சாவடி அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்லி, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். பக்கத்தில் எல்லாக் கட்சி ஏஜென்ட்டும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் இயந்திரத்தில் கடைசிப் பொத்தானாக நோட்டா வந்தது. ரகசியம் கிடைத்தது. ஆனால் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் நோட்டா முதலிடம் பிடித்தாலும் அடுத்து அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளர்தான் ஜெயித்தவர். அதனால் அது வெறும் முணுமுணுப்பு என்று நினைத்துவிடவும் வேண்டாம். 2016-இல் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் வெறும் 49 ஓட்டு. 2021-இல் சென்னை தியாகராய நகரில் 137. அங்கெல்லாம் ஒரு தெருவே முடிவை மாற்றியிருக்கும்.

நீங்கள் யாருக்குக் குத்தினீர்கள் என்று உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியப்போவதில்லை. குத்தியதும் இயந்திரம் அச்சடித்துக் காட்டும் ஒப்புகைச் சீட்டும் கண்ணாடிக்குள் ஏழு விநாடி தெரிந்துவிட்டு உள்ளே விழுந்துவிடும். ஆனால் கிளைச் செயலாளர் மனைவிக்கு நான் ஒன்றைச் சொல்லத் தேவையில்லை: எந்தப் பாகத்தில், அதாவது எந்த வாக்குச்சாவடியில், யாருக்கு எத்தனை என்று எண்ணிக்கை முடிந்ததும் வெளியே வந்துவிடும். உங்கள் பாகத்தில் நோட்டாவுக்கு 6 ஓட்டு என்று வைத்துக்கொள்வோம். அன்று ராத்திரி அவர் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு, "யாருடி இந்த ஆறு பேர்?" என்று உங்களிடமே கேட்பார். அந்த ஆறில் ஒன்று அவருக்கு மோர் ஊற்றிக்கொண்டிருக்கும்.

எனக்கு இதில்தான் குறை. ரகசிய ஓட்டுக்குக் காரணம் சொல்லத் தெரியாது. நீங்கள் மதுக்கடைக்காகக் குத்தினீர்களா, சைக்கிள் கடைக்காகக் குத்தினீர்களா, கை தவறிப் பட்டதா என்று யாருக்கும் தெரியாது. தலைமை தனக்கு வசதியான காரணத்தைச் சொல்லிக்கொள்ளும். வெயில் என்பார்கள், எதிர்த்தரப்புப் பணம் என்பார்கள். 40 வருடக் கோபம் ஒரு எண்ணாகிக் கோப்புக்குள் போய்விடும்.

கட்சிக்கு உங்கள் குடும்பம் கொடுப்பது ஓட்டு மட்டும்தானா? என் சித்தப்பா 30 வருடம் பூத் ஏஜென்ட்டாக இருந்தவர். எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை. அவரிடம் ஒரு நீளக் கணக்கு நோட்டு உண்டு. வாக்காளர் பட்டியலைக் கையாலேயே எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு குறிப்பு வைத்திருப்பார். 'திருப்பூர் — வெள்ளி ராத்திரி பஸ்'. 'கால் முடியாது, ஆட்டோ'. 'மாமியார் சொன்னால் வரும்'. 'இறப்பு, பெயர் நீக்கவில்லை'. ஒரு தேர்தலில் வேட்பாளர் பெயர் அறிவித்த அன்று அந்த நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். சண்டை இல்லை, ராஜினாமா இல்லை. கேட்டவர்களிடம், "இந்தத் தடவை நம்மால ஆகாதுப்பா" என்றார், அவ்வளவுதான். ஒன்றியச் செயலாளர் ஒரே வாரத்தில் மூன்று தடவை வீட்டுக்கு வந்தார். சீட் கேட்டுப் போனவர்களைக்கூட அப்படி அவர் தேடி வந்ததில்லை! மூன்றாவது தடவை வேட்பாளரும் கூடவே வந்து திண்ணையில் உட்கார்ந்தார். சித்தப்பா தன் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. வேட்பாளர் மாறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அடுத்து வந்த உள்ளாட்சித் தேர்தலில் ஒன்றியக் கவுன்சிலருக்கு யாரை நிறுத்தலாம் என்று முதலில் அவரிடம்தான் வந்து கேட்டார்கள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நோட்டு இருக்கும். அதில் பாதி உங்களுக்குத் தெரிந்த செய்தியாகத்தான் இருக்கும். எந்த வீட்டு மருமகள் கோபத்தில் இருக்கிறாள் என்பதெல்லாம் கிளைச் செயலாளருக்கு எப்படித் தெரியும்? ஓட்டை மாற்றுவதற்கு முன்னால் அந்த வேலையை நிறுத்திப் பாருங்கள். நிறுத்தும்போது ஏன் என்று சத்தமாகச் சொல்லுங்கள். முடிந்தால் உங்களைப் போன்ற நான்கு பழைய குடும்பங்கள் கையெழுத்துப் போட்டு மாவட்டத்துக்கு ஒரு கடிதம். வாட்ஸ்அப் வேண்டாம், பதிவுத் தபால்.

எழுதும்போது ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். கட்சி திசை மாறுவதெல்லாம் தப்பில்லை. 1963-இல் அண்ணா திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டபோது எத்தனை தொண்டர்களுக்கு நெஞ்சு அடைத்திருக்கும்! ஆனால் பிரிவினை பேசினால் தேர்தலிலேயே நிற்க முடியாதபடி அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். அண்ணா காரணத்தை வெளிப்படையாகவே சொன்னார். நான்கே வருடத்தில் கட்சி ஆட்சிக்கும் வந்தது. உங்கள் விஷயத்தில், மதுக்கடையைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்று உங்களுக்கு யாராவது காரணம் சொன்னார்களா? சொல்லாவிட்டால் அதுதான் கடிதத்தின் முதல் வரி. சைக்கிள் கடை இரண்டாவது. மாற்றி எழுதினால் சொந்தப் பகை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள்.

விலகிப் போய் வேறு கட்சியைப் பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தின் ஓரத்தில் அதுவும் தெரிகிறது. போகலாம். 1996-இல் அ.தி.மு.க.வோடுதான் கூட்டணி என்று டெல்லி முடிவு செய்தபோது, தமிழ்நாட்டுக் காங்கிரஸ்காரர்களில் பெரும்பகுதி மூப்பனார் பின்னால் போய்த் தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.) ஆனார்கள். சைக்கிள் சின்னம், தி.மு.க. கூட்டணி. சட்டமன்றத்தில் 39 இடம், நாடாளுமன்றத்தில் 20. தாய்க் கட்சிக்குத் தமிழ்நாட்டில் ஓரிடம்கூட இல்லை. தொண்டனின் கோபம் அப்படிப் பலித்தது அபூர்வம். ஆனால் 2001 தேர்தலில் அதே த.மா.கா. அதே அ.தி.மு.க. கூட்டணியில் இருந்தது. அதை ஏற்காத ப.சிதம்பரம் தனியாகப் போனார். மறுவருடம் த.மா.கா. காங்கிரஸிலேயே போய்ச் சேர்ந்தது. இன்னொரு வீட்டுக்குக் குடிபோனாலும் அங்கேயும் கூரை ஒழுகலாம். அதனால் அங்கே போய் இன்னொரு 40 வருடத்தை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு ஓட்டு, அவ்வளவுதான்.

கிராமத்தில் இருக்கிறீர்களா, டவுனிலா என்று எழுதவில்லை. கிராமம் என்றால், ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னமே கிடையாது. அங்கே உங்கள் கை தாராளமாகப் போகும். மதுக்கடையை கிராம சபையில் தீர்மானமாகவே கொண்டுவரலாம். எந்தக் கட்சி அனுமதியும் தேவையில்லை.

கணவரிடம் சொல்வதா? யாருக்குப் போடப் போகிறீர்கள் என்பதைச் சொல்ல வேண்டாம், அது உங்களுடையது. ஆனால் அண்ணன் கடையை உடைத்தவருக்காக வீடு வீடாகப் போக முடியாது என்பதைத் தேர்தல் தேதி வருவதற்கு முன்பே, கூட்டம் இல்லாத ஒரு ராத்திரியில் சொல்லுங்கள். கொடியைத் தூக்கிக்கொண்டு அந்த ஆளுக்கு முன்னால் நடக்க வேண்டியவர் அவர்தான். அவருக்கும் இது லேசாக இருக்காது. ஒருவேளை நீங்கள் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருக்கிறாரோ என்னவோ.

ஆரத்திக்கு மட்டும் என்னிடம் குறுக்கு வழி உண்டு. அன்றைக்கு உங்கள் நாத்தனாரை ஊரிலிருந்து வரவழைத்து, தட்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். நீங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வாருங்கள்.