கோப்பையின் காது

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பீங்கான் கலைஞர். ஏழு மாதக் குழந்தையின் தாய். தாய்மை என்னும் தெய்வீக அனுபவத்தை அன்றாடப் பாண்டங்களில் கொண்டுவர ஆசை. குழந்தையை அணைத்திருக்கும் தாயின் உருவத்தைக் கோப்பைகளில் தீட்டி வருகிறேன். புழங்கும் பாண்டம் கலையாகாது, சிற்பம் செய் என்கிறார்கள் நண்பர்கள். எது சரி? குழந்தையோடு வேலைக்கு நேரம் ஒதுக்குவது எப்படி? எந்த கிளேஸ் (சூளையில் கண்ணாடி போலப் படியும் மேற்பூச்சு) நல்லது?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் என் பழைய கோப்பை ஒன்றின் காது கையோடு வந்துவிட்டது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

நேரம் தானாகக் கிடைக்காது. வீட்டிலுள்ள இன்னொருவர் கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போய் சக்கரத்தில் உட்காருங்கள். கிளேஸுக்கு ஒரே வரி: வாய் படும் பாண்டத்தில் ஈயம் கூடாது. கலையா கைத்தொழிலா என்ற வழக்கை வேலையில்லாதவர்கள் நடத்தட்டும். பவேரியாவில் வெண்கல, இரும்புக் காலக் குழந்தைகளின் கல்லறைகளில் மூக்கு வைத்த சிறு மண்கலங்கள் கிடைத்தன. அவற்றில் கால்நடைப் பாலின் எச்சம் இருந்ததை 2019இல் கண்டு சொன்னார்கள். தாயின் படம் எதுவும் அவற்றில் இல்லை. குழந்தையின் வாய்க்குள் அடங்குகிற மூக்கு இருக்கிறது.

உங்களிடம் எனக்குக் கோபம் வேறு இடத்தில். 'தெய்வீகம்' என்கிறீர்கள். ஏழு மாதக் குழந்தையை வைத்திருப்பவர் எழுதுகிற சொல்லா அது? நேற்று இரவு எத்தனை முறை எழுந்தீர்கள் என்று எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். பீங்கான் வடிவமைப்பாளர் ஈவா ஜெய்சல் 1940களில் வடிவமைத்த உப்புக் குப்பியையும் மிளகுக் குப்பியையும் பாருங்கள். பெரியது சிறியதை அணைத்தபடி நிற்கும். முகம் கிடையாது, விரல் கிடையாது. ஆனாலும் யார் யாரை அணைக்கிறார்கள் என்று தெரிகிறது.

குழந்தை இடுப்பில் இருக்கும்போது உங்களுக்கு ஒரு கைதான் மிச்சம். அந்த ஒரு கையால் உங்கள் கோப்பையைச் சூடாக, நிறைய ஊற்றி எடுத்துப் பார்த்தீர்களா? விரல்முட்டி சுவரில் பட்டுச் சுடுகிறதா? பலவகைக் களிமண் உலர்ந்து வெந்து முடிவதற்குள் சுமார் 12 சதவீதம் சுருங்கிவிடும். ஈரத்தில் நான்கு விரல் நுழைந்த காதில், சூளையைத் திறக்கும்போது நான்காவது விரல் வெளியே நிற்கும். இதைக் கணக்கில் வைக்காமல் அதன் மேல் என்ன படம் வரைந்து என்ன? அடி அகலமாக இருக்கிறதா, பிஞ்சுக் கை தட்டினால் கவிழாதா? உங்கள் ஜாடியின் மூடியை ஒரு கையால் திறக்க முடிகிறதா? காதை முதலில் கவனியுங்கள் என்று ஐந்து பக்கம் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். பதினான்கு கோப்பைகள் தோல் போல இறுகி, காது ஒட்டும் பதத்துக்கு வந்திருந்தன. அந்தப் பதம் யாருக்காகவும் காத்திருக்காது. ஒட்டும் இடத்தைக் கீறி, மண்குழம்பு தடவி, ஆறாவது காதை அழுத்திக்கொண்டிருந்தபோது அழுதாள். எதையும் மூடாமல் ஓடினேன். பால் கொடுத்தபடியே தூங்கிப்போனேன். திரும்பி வந்து பார்த்தால், மெல்லிய காதுகள் உடலை முந்திக்கொண்டு உலர்ந்து, ஒட்டிய இடங்களில் மயிரிழை விரிசல். மற்ற எட்டில் இனி காது ஒட்டாது. ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அப்படியே சுட்டேன்.

விரிசல் விட்டவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். இத்தனை ஆண்டு தாங்கி, அன்று காலை உடைந்தது அதுதான். காதில்லாத எட்டில் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துத்தான் என் மகள் குடிக்கப் பழகினாள். இன்றும் அதைத்தான் கேட்கிறாள், வயது 22.

படம் தீட்டாத கோப்பை ஒன்றை எனக்கு அனுப்புங்கள். அதற்கு முன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் நீங்கள் அதில் குடித்திருக்க வேண்டும்.