கணவர் எடுத்ததற்கு நீங்கள் பொறுப்பா?

சகோதரி, கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைக் கடையில் கணவர் ஷாம்பூவைப் பைக்குள் போட்டதற்கு, பில் போட நின்ற உங்களிடமும் மலையாளத்தில் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்கிறீர்கள். கூட வந்தவர் என்பதாலேயே யாரும் திருடி ஆகிவிட மாட்டார். ஒரே நோக்கத்தோடு சேர்ந்து செய்த குற்றத்துக்கு எல்லாரும் பொறுப்பு என்னும் பாரதிய நியாய சன்ஹிதா (இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த சட்டம்) 3(5)-ஐ உங்கள்மேல் போட்டால், இருவருக்கும் ஒரே நோக்கம் இருந்ததை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். உங்களுக்குச் சாட்சி கடையின் கேமராதான். பழைய பதிவுமேல் புதியது ஏறிவிடும். இன்றைக்கே கடைக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் எழுதி, அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். தாளின் நகலையும் கேளுங்கள். படிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்துப் போட்டதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். (நானும் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம்தான்; மலையாளம் பேசுவேன், எழுத்து மட்டும் ஜாங்கிரியாகத் தெரியும்.) ஸ்டேஷனில் கூப்பிட்டால் வக்கீலோடு போங்கள். அப்புறம், கணவரைக் காப்பாற்றுவதாக நினைத்து ‘எனக்கும் தெரியும்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.