உஷுவாயாவில் வளர்ந்த பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

தென் அமெரிக்காவில் பல ஆண்டுகளாக ஊழியம் செய்யும் ஒரு மிஷனரி குடும்பத்தைப் பற்றிப் படித்தேன். பெற்றோர் விரும்பிப் போனார்கள், சரி. பிள்ளைகளை யார் கேட்டார்கள்? இவர்கள் போனதால் அந்தப் பழங்குடிகளுக்குத்தான் என்ன நன்மை?

ஆர்.

அன்புள்ள ஆர்,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பிரிட்ஜஸ் குடும்பம்தான் நினைவுக்கு வந்தது. தாமஸ் பிரிட்ஜஸ் ஒரு வளர்ப்பு மகன். போதகர் டெஸ்பார்டின் குடும்பத்தோடு 1856இல் ஃபாக்லாந்தின் கெப்பல் தீவுக்கு வந்தபோது சிறுவன். அவனையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 1859இல் தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள வுலாயாவில் மிஷன் கப்பலில் வந்த எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். டெஸ்பார்ட் மனம் உடைந்து இங்கிலாந்து திரும்பினார். தாமஸ் போகவில்லை, தங்கி, அந்தப் பகுதிப் பழங்குடிகளான யாகான் மக்களின் மொழியைக் கற்றார்.

1871இல் மனைவி மேரியோடும் கைக்குழந்தையோடும் அதே தென்கோடியில், தியெரா டெல் ஃபூகோ தீவில் உள்ள உஷுவாயாவில் குடியேறினார். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு யாகான் பிள்ளைகளே விளையாட்டுத் தோழர்கள். மகன் லூகாஸ் யாகான் மொழியோடு, பின்னாளில் அத்தீவின் இன்னொரு பழங்குடியான செல்க்னாம் மக்களின் மொழியும் பேசினார். அவர்கள் எதை இழந்தார்கள் என்று கேட்கும்போது, பார்த்தே இராத இங்கிலாந்தை அவர்களுக்குச் சொந்த ஊராக்கிவிடுகிறோம்.

யாகான் மக்களின் பேச்சை மொழி என்றே சொல்லத் தகாது என்பதுபோல எழுதியவர் டார்வின். அதே மொழியில் தாமஸ் சுமார் 32,000 சொற்களைத் திரட்டி அகராதி எழுதினார். வந்து போகிறவர்களால் ஆகிற காரியமா இது? அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனுஷியான கிறிஸ்டினா கால்டெரோன் 2022இல் காலமானார். மொழியை மீட்க நினைப்பவர்களுக்கு அந்த அகராதி இருக்கிறது.

ஆனால் 1884இல் அர்ஜென்டினக் கப்பல்கள் வந்ததைத் தொடர்ந்து தட்டம்மை பரவி யாகான் மக்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். படகுகளில் இடம் மாறி வாழ்ந்தவர்களை ஓரிடத்தில் குடியிருக்கப் பழக்கியது மிஷன். நோய் பரவ அதுவும் வழிவிட்டது என்றே நினைக்கிறேன். அவர்கள் நல்லெண்ணத்தோடு வந்தவர்கள் என்பதற்காக இதை விட்டுவிட்டு மிஷன் வரலாறு எழுதக் கூடாது.

1886இல் தாமஸ் மிஷனை விட்டு விலகி ஹார்பர்ட்டன் பண்ணையைத் தொடங்கினார். செம்மறிப் பண்ணையாளர்கள் செல்க்னாம் மக்களைச் சுட்டுக் கொன்ற அதே தீவில், லூகாஸ் பின்னர் வியாமோண்டேயில் அமைத்த பண்ணை அம்மக்களுக்குப் புகலிடமாயிற்று. அங்கேயே வளர்ந்த பிள்ளை செய்த காரியம் அது.

நீங்கள் படித்த குடும்பத்தின் பிள்ளைகள் அந்த மக்களின் மொழியில் பேசி விளையாடுகிறார்களா? பக்கத்தில் மருத்துவமனை உண்டா? தெரிந்தால் எழுதுங்கள்.