சின்னக் கடல் தொட்டியில் படரும் மென்பவளங்கள்: கேள்வி பதில்

வீட்டில் 60 லிட்டர் உப்புநீர்த் தொட்டி ஒன்றைப் பல வருடங்களாக வைத்திருக்கிறேன். கல் போன்ற கூடு கட்டாத மென்பவளம் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கேள்வி: அண்ணா, முதல் பவளமாக, கை மாதிரி விரித்து மூடும் ஜீனியா என்ற மென்பவளத்தை வாங்கலாமா? லேசில் சாகாது என்கிறார் கடைக்காரர்.

பதில்: வாங்கலாம். ஆனால் அதை எங்கே வைக்கப் போகிறீர்கள், எந்த இடத்தோடு நிறுத்தப் போகிறீர்கள் என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். பெரிய பாறைக் குவியலில் ஒட்டிவிட்டால் பிறகு முழுசாக எடுப்பது ரொம்பக் கஷ்டம். பாறை முழுக்கத் துளைகள். வெட்டினாலும் துளைக்குள் மிஞ்சிய துணுக்கிலிருந்து மறுபடி கிளம்பிவிடும். மணல் நடுவில் தனியாக ஒரு கல் போட்டு, சுற்றிலும் அரைச் சாண் மணலை வெறுமையாக விடுங்கள். மணலில் அதற்குச் சரியாகப் பிடிமானம் கிடைக்காது. கண்ணாடிப் பக்கம் சாய்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

கேள்வி: என் ஜீனியா விரித்து மூடுவதை நிறுத்திவிட்டது. நோயா?

பதில்: அது மட்டும் நோய்க்கு அடையாளம் இல்லை. அந்த அசைவு எதற்கு என்பதே அழகான விஷயம். செங்கடலில் வாழும் இதன் உறவுக்காரப் பவளம் ஒன்றை இஸ்ரேலிய ஆய்வாளர்கள் கவனித்து 2013இல் எழுதினார்கள். பவளத்தின் உடலுக்குள் வாழும் பாசி வெளியிடும் ஆக்சிஜன் அங்கேயே தேங்கினால் ஒளிச்சேர்க்கை மந்தமாகும். விரித்து மூடும்போது அந்த ஆக்சிஜன் விலகிப்போகிறது. உங்களுடையது நிமிர்ந்து, நிறம் மங்காமல் இருந்தால் கவலை வேண்டாம். துவண்டு கரைய ஆரம்பித்தால் உப்பின் அளவையும் கேஎச்சையும் (தண்ணீரின் கார்பனேட் அளவு) உடனே சோதியுங்கள்.

கேள்வி: கிரீன் ஸ்டார் பாலிப் என்ற மென்பவளம் பக்கத்துக் கல்லுக்கும் போய்விட்டது. அங்கே பொத்தான் மாதிரி இருக்கும் ஜோவாக்களை மூடப் பார்க்கிறது.

பதில்: இது ஊதா நிறப் பாய் மாதிரி விரிந்து படரும். நல்லவேளையாக, அந்தப் பாயை உரிக்கலாம். கல்லைத் தனி வாளியில், தொட்டித் தண்ணீரிலேயே வைத்து, ஓரத்தைக் கத்தியால் நெம்பி மெதுவாக இழுங்கள். ஜோவாவில் விஷம் இருக்கலாம் என்பதால் கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம். பிறகு கல்லைப் புது உப்புநீரில் அலசித் தொட்டியில் வையுங்கள். அன்றே கொஞ்சம் தண்ணீரை மாற்றி, தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். உரித்த துண்டைத் தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டுங்கள். அங்கே அது பச்சைப் புல்தரை மாதிரி அசைவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், ஓரத்தைச் சுரண்டி நிறுத்துவதும் சுலபம். எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இதுதான்.

கேள்வி: தொட்டியைக் குளிர்விக்க ஃபேன் வைத்ததிலிருந்து தண்ணீர் சீக்கிரம் வற்றுகிறது.

பதில்: தண்ணீர்தான் போகும், உப்பு தங்கிவிடும். அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரைத் தினமும் ஊற்றுங்கள். உப்பு 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு), வெப்பம் 25-26 டிகிரி செல்சியஸ் என்று நிலையாக இருந்தால் போதும்.

கேள்வி: ஜோவா மண்டிய கல்லை வெந்நீரில் போட்டுக் கொல்லலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம்! சில ஜோவாக்களிலும் அவற்றின் உறவான பாலித்தோவாக்களிலும் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் உண்டு. இப்படிக் கல்லை வேகவைத்து, அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் இருக்கின்றன. வெந்நீரும் வேண்டாம், நீருக்கு வெளியே பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம்.

கேள்வி: மிஞ்சிய ஜீனியாவைக் கடலில் விடலாமா? மன்னார் வளைகுடாக் கரையில், மண்டபம் ஊர்ப் பக்கம் கிடைக்கும் பவளக்கல்லைத் தொட்டிக்கு எடுத்து வரலாமா?

பதில்: இரண்டும் கூடாது. ஜீனியா குடும்பத்தைச் சேர்ந்த யூனோமியா என்ற இந்தோ-பசிபிக் பவளம் வெனிசுலாக் கரையோரத்தில் படர்ந்து, அங்கிருந்த பவளங்களையும் கடற்புல்லையும் மூடிவிட்டது. மீன்தொட்டி வியாபாரம் வழியாகப் போய்ச் சேர்ந்தது என்கிறார்கள். மிஞ்சியதை இன்னொரு தொட்டிக்காரருக்குக் கொடுங்கள், ஆள் கிடைக்காவிட்டால் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. பாறை கட்டும் பவளங்கள் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, செத்த கல்லாக இருந்தாலும் எடுப்பது குற்றம். தொட்டிக்கு உலர்ந்த செயற்கைக் கல்லே போதும். பாக்டீரியா குடியேற ஒன்றிரண்டு மாதம் காத்திருங்கள், அப்புறம் பவளம் வாங்கலாம்.