முகத்துக்கு எந்தப் புருவம்? கேட்டவர்களும் என் பதில்களும்

22 ஆண்டுகளாகப் பல்லில் நூலைக் கடித்தபடி புருவம் திருத்துகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன். தொடங்கும் முன் ஒன்று: முகத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியைப் புருவத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு வட்ட முகம். எந்த வடிவம் எடுப்பாக இருக்கும்?

பதில்: வளைவைச் சற்று உயர்த்துங்கள். பார்ப்பவர் கண் புருவத்தோடு மேலே ஏறும். முகம் கொஞ்சம் நீண்டு தெரியும். நீள முகமென்றால் நேர்மாறு: படுக்கைவாட்டில் போகும் புருவம் நீளத்தைக் குறுக்கிக் காட்டும். தாடை அகன்ற சதுர முகத்துக்கு மென்மையான வளைவும் ஓரளவு தடிமனும் வேண்டும். நெற்றி அகன்று மோவாய் கூர்ந்தவர்கள் உயர்ந்த வளைவுக்கு ஆசைப்பட வேண்டாம்.

இதெல்லாம் பாதிதான். விரல் நுனியால் புருவத்துக்கு அடியிலுள்ள எலும்பைத் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் அது திரும்பிக் கீழிறங்கும். வளைவின் உச்சி அங்கேதான் அமர வேண்டும். எலும்பை விட்டு விலகி வளைத்தால், சும்மா இருக்கும்போது அழகாகத் தெரியும். சிரித்ததும் ஒட்டவைத்ததுபோல் ஆகிவிடும். முக வடிவப் படத்தை நீட்டிக் கேட்பவர்களிடம் முதலில் எலும்பைக் காட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.

கேள்வி: எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும்? அளவு உண்டா?

பதில்: உண்டு. பென்சிலை மூக்கு மடலை ஒட்டிச் செங்குத்தாக நிறுத்துங்கள். அது தொடும் இடம் தொடக்கம். நேராகப் பார்த்தபடி பென்சிலைச் சாய்த்து, கருவிழியின் வெளி விளிம்பு வழியாகக் கொண்டுபோனால் உச்சி. கடைக்கண் வழியாகப் போனால் வால் முடியும் இடம். வால் நுனி தொடக்கத்தைவிடக் கீழே இறங்கினால் கண் சோர்ந்து தெரியும்.

மூக்கு அகன்றவர்களுக்கு முதல் அளவு பொய் சொல்லும். இரு புருவமும் விலகிப்போகும். அவர்கள் கண்ணின் உள்முனைக்கு நேர் மேலே தொடங்கட்டும். எவராயினும் களைவது கீழ் விளிம்பில்தான். மேல் விளிம்பைத் தொடாதீர்கள்.

கேள்வி: எனக்கும் வட்ட முகம்தான். ஆனால் மோவாய் சின்னது.

பதில்: முதல் பதில்.

கேள்வி: விளக்கெண்ணெய் தடவினால் அடர்த்தியாக வளருமா?

பதில்: முடி பளபளக்கும். முளைக்கவைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஒரு புருவம் மேலே, ஒன்று கீழே. திருத்தத் திருத்த மோசமாகிறது.

பதில்: திருத்துவதை நிறுத்துங்கள். பேசும்போது ஒரு பக்க நெற்றியைத் தூக்கும் பழக்கம் பலருக்கு உண்டு; அந்தத் தசையின் வேலையை முடியின் மேல் பழிபோட்டு, உயர்ந்த பக்கத்தைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். ஒரு பெண் என்னிடம் வந்தபோது இடது புருவத்தின் நடுவில் அரிசி அளவு வெற்றிடம். பெரிதாக்கும் கண்ணாடியில் ஒவ்வொரு முடியாகச் சமன்செய்திருக்கிறார். புருவ முடியின் வளர்ச்சிப் பருவம் சில வாரங்கள்தான். பிறகு உதிர்ந்து, ஓய்ந்து, மீண்டும் முளைக்கும். ஆகவே முழுதாக நிரம்ப மூன்று, நான்கு மாதம் பொறுக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் பிடுங்கிய இடம் திரும்பாமலும் போகலாம். அவருக்கு நிரம்பியது, ஆனால் அத்தனை நாளும் பென்சிலோடுதான் வெளியே போனார்.

இன்னொன்று: படுத்த நிலையில் தோல் சற்று நகரும். உட்கார்ந்து, முகத்தைத் தளரவிட்டுக் குறியுங்கள்.

கேள்வி (சக தொழிலாளி ஒருவர்): மேல் விளிம்பைத் தொடக் கூடாது என்பது பழைய கதை. நூல் போடும்போது நீங்களே மேலே இழுக்கத்தானே செய்கிறீர்கள்?

பதில்: இழுக்கிறேன். நெற்றியிலிருந்து இறங்கும் பூனைமுடியை மட்டும். வளைவின் உச்சி என்பது மேல் கோட்டின் உச்சி. அங்கே நான்கு முடி போனால் வளைவே படுத்துவிடும். உங்கள் கைக்கு அந்த நிதானம் இருக்கலாம். இங்கே படிப்பவர் குளியலறையில் பிளக்கரோடு நிற்கிறார், அவருக்குத்தான் சொன்னேன்.

கேள்வி (வேறொருவர்): தொழிலாளி சொல்வதே சரி. வில் புருவம் என்றுதானே காலங்காலமாகப் பாடியிருக்கிறார்கள்? மேலும் கீழும் செதுக்காமல் வில் எப்படி வரும்?

பதில்: பாடியவர் யாரும் நூல் பிடிக்கவில்லை. வில்லின் நடுவில் கைப்பிடி தடித்திருக்கும், முனை மெலிந்திருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. இவர்கள் கேட்பது வில் அல்ல, நாண். 1920, 30களில் திரை நடிகைகள் அப்படித்தான் கோடாக இழைத்தார்கள். 1990களில் அதே மோகம் திரும்பியது. அன்று இழைத்துக்கொண்டவர்கள் இன்று என் நாற்காலியில் அமர்ந்து, முடி வரவில்லை என்கிறார்கள்.

கேள்வி (மறுபடி அதே தொழிலாளி): மேல் விளிம்பு கலைந்தே வளருபவர்களை என்ன செய்வீர்கள்?

பதில்: இது நல்ல கேள்வி. பிரஷால் மேல்நோக்கிச் சீவி, கோட்டைத் தாண்டும் நுனியை மட்டும் கத்தரிப்பேன். வேர் இருக்கும். தவறினால் சில வாரத்தில் தப்பித்துக்கொள்ளலாம். இதற்கு மேல் சண்டை வேண்டாம்; மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஆண்கள் திருத்தலாமா? எனக்கு இரண்டும் சேர்ந்திருக்கிறது.

பதில்: நடுவில் மட்டும். கண்ணின் உள்முனைக்கு நேரே வந்ததும் நிறுத்துங்கள். வளைவு வைக்காதீர்கள்.

கேள்வி: வட்ட முகத்துக்கு...

பதில்: முதல் பதில். மூன்றாம் முறை சொல்கிறேன்.

கேள்வி: தலைச் சாயத்தையே புருவத்துக்கும் பூசலாமா? நரை தெரிகிறது.

பதில்: கூடாது. அதிலுள்ள ரசாயனம் ஒவ்வாவிட்டால் இமை வீங்கிக் கண்ணே திறக்காது. பென்சில் போதும், முடியின் நிறத்தைவிட ஒரு படி மென்மையாக.

கேள்வி: வால் பக்கம் மட்டும் தானாகவே உதிர்கிறது.

பதில்: பென்சிலை எடுக்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். வெளி மூன்றில் ஒரு பங்கு மெலிவது தைராய்டு குறைவின் அறிகுறியாக இருக்கலாம்.

கேள்வி: முகப்பருவுக்கு ரெட்டினால் கிரீம் பூசுகிறேன். வேக்ஸ் செய்யலாமா?

பதில்: வேண்டாம், தோல் உரிந்து வரும். நூல் போடுவதானாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நாளை மாலை விழா. காலையில் திருத்தினால் சரியா?

பதில்: இரண்டு நாள் முன்பே செய்திருக்க வேண்டும். சிவப்பு அடங்க வேண்டுமே. இப்போது சீவி, கத்தரித்து, விட்டுவிடுங்கள்.

கேள்வி: அக்கா, அந்தப் பெரிதாக்கும் கண்ணாடியை எறிய மனம் வரவில்லை. வேறு எதற்காவது பயன்படுமா?

பதில்: காலில் முள் தைத்தால் எடுக்கலாம்.