தலையில் அடி, தலைக்குள் ரத்தம்: கேள்வி பதில்

கோவையில் நரம்பியல் வார்டில் இருபது வருடம் நர்ஸாக இருந்தவள் நான். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே ரத்தம் கசிவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வார்டில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

காங்கேயத்திலிருந்து: அப்பாருக்கு 76 வயசுங்க. ஒரு மாசம் முன்னால மாட்டுச் சாளை நிலையில் தலையை இடிச்சுக்கிட்டார். வீக்கம்கூட இல்லை. இப்போ பகலெல்லாம் தூங்கறார், பேச்சு குழறுது. வயசானதாலதானுங்களா?

ஒரே மாதத்தில் இவ்வளவு வயசாகாதுங்க. இன்றே ஸ்கேன் எடுங்கள். முதுமையில் மூளை கொஞ்சம் சுருங்கும். அதிலிருந்து, அதை மூடியிருக்கும் உறைக்குப் போகும் மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். சின்ன இடி போதும், அறுந்துவிடும். ரத்தம் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, வாரக்கணக்கில் கழித்துத்தான் வெளியே தெரியும். தலைவலி, குழப்பம், நடையில் தள்ளாட்டம், ஒரு பக்கக் கைகால் பலவீனம் என்று எப்படியும் வரலாம். அவிநாசிப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு இடது கால் செருப்பு வாசலிலேயே கழன்று கிடக்கும், அவர் பாட்டுக்கு நடந்து போவார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்; பேத்தி மட்டும்தான் பயந்தாள். மண்டையோட்டில் துளை போட்டபோது இன்ஜின் ஆயில் நிறத்தில் பழைய ரத்தம் வடிந்தது. சில நாளில் இரண்டு செருப்போடும் நடந்து வீட்டுக்குப் போனார்.

பல்லடத்திலிருந்து: தம்பி மொபெட்டில் விழுந்து மயங்கி, உடனே எழுந்து டீ குடிச்சான். நல்லாத்தான் பேசறான். வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா?

வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்கு. பொட்டெலும்பு மெல்லியது. அதன் உள்பக்கம் ஓடும் தமனி கிழிந்தால், சில மணி நேரம் நன்றாகப் பேசிவிட்டு அப்புறம் சரிவார்கள். கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப எழுப்பத் தூக்கம்: இவைதான் அறிகுறி. ஒரு கண் பாப்பா மட்டும் விரிந்தால் நேரம் ரொம்பக் கடந்துவிட்டது என்று அர்த்தம். செலவை நினைத்துத் தயங்காதீர்கள். சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் குறிப்பிட்ட தொகை வரை அரசே கொடுக்கிறது.

கோபியிலிருந்து: அடியே படாம வருமா? அம்மாவுக்குத் திடீர்னு மண்டை பிளக்கற வலி. சுக்குப் பத்து போட்டோம், கொஞ்சம் தேவலை.

வருமுங்க. மூளையின் அடியில் ரத்தக்குழாய் குமிழ் போல் வீங்கி வெடித்தால் இப்படித்தான் வலிக்கும். ஒற்றைத் தலைவலி பெரும்பாலும் மெல்ல ஏறும். இது ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும். “யாரோ பின்மண்டையில் கட்டையால் அடிச்ச மாதிரி” என்பார்கள். கூடவே வாந்தி, கழுத்து இறுக்கம், வெளிச்சம் பார்த்தால் கூச்சம். வலி குறைந்தாலும் இப்போதே போங்கள். ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள்.

பொள்ளாச்சியிலிருந்து: நடுவில் வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்கலாமா?

கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள்.

மறுபடி காங்கேயம்: இன்னைக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி. அது கழிச்சுப் போகலாமுங்களா?

இப்போதே வண்டியை எடுங்க. அப்பாரு சாப்பிடற மாத்திரை அட்டையெல்லாம் கையோடு கொண்டு போங்க. அதில் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை இருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்க.