தேன் விற்பனை மின்னஞ்சல்கள் ஸ்பேம் பெட்டிக்குப் போவது ஏன்?

மார்த்தாண்டத்திலிருந்து தேன் விற்கும் நீங்கள் அனுப்பும் சலுகை அறிவிப்புகள் வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டிக்குள் போய்விடுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பலரும் 'இலவசம்' போன்ற சொற்களையே குறை கூறுவார்கள். என் கணிப்பில் அது சிறு காரணமே. அனுப்புநர் உண்மையில் நீங்கள்தான் என்பதை, உங்கள் சொந்த டொமைனின் (இணையப் பெயரின்) டிஎன்எஸ் பதிவுகளில் (அந்தப் பெயருக்கான பொது விவரப் பட்டியலில்) எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் மடல் அனுப்ப அனுமதி பெற்ற சேவையகங்களின் பட்டியல்), டிகேஐஎம் (மடலில் இடப்படும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் வழி), டிமார்க் (அனுப்புநர் முகவரி இவ்விரண்டோடும் பொருந்தாத மடலை என்ன செய்வது என்ற அறிவுறுத்தல்) ஆகிய மூன்றையும் அமைத்து நிறுவ வேண்டும். இலவச ஜிமெயில் முகவரியை அனுப்புநராகக் காட்டி வேறொரு சேவை வழியாக அனுப்பினால் மடலைப் பெறும் சேவை செய்யும் இந்தச் சோதனையில் தேற முடியாது. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் மடல் அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரி முதல் இவற்றைக் கட்டாயமாக்கிய கூகுள், ஸ்பேம் புகார்கள் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது என்றும் கூறுகிறது. அதாவது, 1,000 மடல்களுக்கு மூன்று புகார் வந்தாலே சிக்கல்தான். ஆகவே, அனுமதி பெறாத முகவரிகளுக்கு (விலைக்கு வாங்கிய பட்டியலைச் சொல்லவே வேண்டாம்) அனுப்பாதீர்கள். விலகுவதற்கான இணைப்பை ஒளிக்காமல் வையுங்கள்.